மோட்டார் சைக்கிளுக்குப் புது மீற்றர்: மாட்டும் முறையும் மாட்டிய பின் வரும் வில்லங்கங்களும்

வேகம் காட்டும் மீற்றரின் முள் அசையவில்லை என்றதும் பலர் நேரே கடைக்குப் போய்ப் புது மீற்றர் ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். அரை நாள் மினக்கெட்டு அதை மாட்டி, ஒழுங்கைக்குள் ஒரு சுற்று ஓடிப் பார்த்தால் புது முள்ளும் பூச்சியத்திலேயே நிற்கும். காசு போனது, பிழை போகவில்லை. பழைய மீற்றர் நல்லாகவே இருந்திருக்கும். முன் வீலின் நடுப் பகுதியான ஹப்புக்குள் இருக்கும் பல்லுச் சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கேபிளின் உள் கம்பி அறுந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை அடிக்கடி வருவதற்குக் காரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, 2025 வரைக்கும் கையில் இருந்த பைக்கையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. அதனால் பதினைந்து, இருபது வயதுப் பைக்குகள் இன்னும் தெருவில் ஓடுகின்றன. அதோடு உப்புக் காற்று. பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் தினமும் போய்வரும் பைக்கின் வயர் சொக்கற்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை (செம்பில் பிடிக்கும் துரு) பூத்திருக்கும். மீற்றரைச் சாகடிப்பது பெரும்பாலும் அந்தப் பச்சைதான்.

ஆகவே முதல் வேலை கழற்றுவதோ வாங்குவதோ அல்ல, பிழை எங்கே என்று பிடிப்பது. வேகம் மூன்று இடங்களைக் கடந்து உங்கள் கண்ணுக்கு வருகிறது. வீலில் அது பிறக்கிறது, கேபிளாலோ வயராலோ மேலே ஏறுகிறது, மீற்றரில் முள்ளாகவோ எண்ணாகவோ தெரிகிறது. இந்த மூன்றில் எது செத்துக் கிடக்கிறது என்று தெரியாமல் சாமான் வாங்காதீர்கள். புது மீற்றரை மாட்டிய பிறகு வரும் கோளாறுகளையும் இதே வழியில்தான் தேட வேண்டும்.

கேபிளா, சென்சரா?

முன் வீலின் நடுவிலிருந்து பென்சில் தடிப்பில் ஒரு கறுப்புக் கேபிள் மேலே ஏறி மீற்றரின் அடியில் திருகியிருந்தால் அது கேபிள் மீற்றர். ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125, பஜாஜ் சி.ரி. 100, ஸ்பிளெண்டர் எல்லாம் இந்த வகை. வீல் சுற்ற, ஹப்பில் உள்ள பல்லுச் சக்கரம் கேபிளின் உள் கம்பியைச் சுற்றும். அந்தக் கம்பி மீற்றருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்துக்கு மேலே அதைத் தொடாமல் ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். சுற்றும் காந்தம் அந்தக் கிண்ணத்தையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்தும். இரண்டு இழுவையும் சமப்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஓட்டோ சூல்ட்சே என்ற ஜேர்மன்காரர் 1902 இல் காப்புரிமை எடுத்த ஏற்பாடு இது. பற்றறி இறங்கினாலும் முள் வேலை செய்யும் என்பதுதான் இதன் அழகு.

பஜாஜ் பல்சரின் பிந்திய மொடல்கள், யமஹா எப்.இசற் போன்றவற்றில் எண்ணாக வேகம் காட்டும் மீற்றர் இருக்கும். இவற்றில் கேபிள் இல்லை. வீலுக்குப் பக்கத்திலோ கியர்பெட்டியின் மேலோ ஒரு சென்சர் இருக்கும். வீல் சுற்றச் சுற்ற அது மின் துடிப்புகளை அனுப்ப, மீற்றர் அவற்றை எண்ணிக் கணக்குப் போடும். கணக்கு என்பதால், கணக்குக்குக் கொடுக்கும் எண் பிழைத்தால் விடையும் பிழைக்கும். இதைப் பிறகு பார்ப்போம்.

ஏ.பி.எஸ். (பிறேக் பிடிக்கும்போது வீல் இறுகி வழுக்காமல் காக்கும் ஏற்பாடு) உள்ள பைக் என்றால் ஒரு எச்சரிக்கை. சில மொடல்களில் மீற்றருக்கு வரும் வேகம் பிறேக் சென்சரிலிருந்தே வருகிறது. அந்த வயரை வெட்டி ஒட்டும் வேலைக்குப் போக வேண்டாம். அதே மொடலுக்கு உரிய மீற்றர் மட்டும்தான் அதற்குச் சரி.

கழற்ற முன் பார்க்க வேண்டியது

கேபிள் வகையில் சோதனை சுலபம். பைக்கை நடு ஸ்ராண்டில் விட்டு, ஒருவரைப் பின்பக்கம் அழுத்திப் பிடிக்கச் சொன்னால் முன் வீல் நிலத்தை விட்டு எழும்பும். மீற்றரின் அடியில் உள்ள கேபிள் நட்டைக் கையால் கழற்றுங்கள். இறுகியிருந்தால் குறட்டால் மெதுவாக, நடுவில் ஒரு துணி வைத்து. இப்போது முன் வீலைக் கையால் சுற்றிக்கொண்டு கேபிளின் மேல் நுனியைப் பாருங்கள். உள்ளே உள்ள சதுரக் கம்பி சுற்றினால் வீலும் கேபிளும் சரி, பிழை மீற்றரில். சுற்றாவிட்டால் அந்தக் கம்பியைக் குறட்டால் பிடித்து மேலே இழுங்கள். பாதியாக வந்தால் கேபிள் அறுந்துவிட்டது. மீற்றரின் விலையோடு ஒப்பிட்டால் கேபிள் மலிவுதான். முழுதாக வந்து, இரண்டு நுனியின் சதுரமும் தேயாமல் இருந்தால் ஹப்பைக் கழற்ற வேண்டியதுதான்.

ஹப் விசயத்தில் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி, “தம்பி, கிட்டடியில பங்சர் ஒட்டினனீரோ?” என்பதாகத்தான் இருக்கும். அது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. முன் வீலைத் திரும்ப மாட்டும்போது, மீற்றர் கியரின், அதாவது அந்தப் பல்லுச் சக்கரத்தின், இரண்டு சிறிய காதுகளும் ஹப்பில் உள்ள இரண்டு வெட்டுக்குள் இறங்க வேண்டும். இறங்காமல் அக்சில் நட்டை முறுக்கினால் காதுகள் நசுங்கிவிடும். அன்றிலிருந்து மீற்றர் ஓடாது. வீலை மாட்டும்போது மீற்றர் கியரின் பெட்டியை விரலால் கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். காது வெட்டுக்குள் விழுவது கைக்குத் தெரியும். விழுந்த பிறகு மட்டும் நட்டை இறுக்குங்கள்.

சென்சர் வகைக்கு ஒரு மல்ரிமீற்றர் வேண்டும், மலிவானதே போதும். சென்சரில் மூன்று வயர் இருந்தால் ஒன்று மின்சாரம், ஒன்று ஏர்த் (பற்றறியின் நெகற்றிவ் பக்கம்), ஒன்று துடிப்பு. பல பைக்குகளில் சென்சருக்கு மின்சாரம் கொடுப்பதே மீற்றர்தான். அதனால் சொக்கற்றைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் எல்லாம் செத்ததாகத் தெரியும். சொக்கற் பூட்டியபடியே இருக்க, திறப்பைப் போட்டு, பின்பக்கத்தால் ஊசிமுனையை நுழைத்துப் பாருங்கள். மின்சார வயரில் 5 வோல்றோ 12 வோல்றோ இருக்க வேண்டும். துடிப்பு வயரில் முனையை வைத்துக்கொண்டு வீலை மிக மெதுவாகக் கையால் உருட்டினால் எண் பூச்சியத்துக்குக் கிட்ட விழுவதும் மேலே ஏறுவதுமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் சென்சர் நல்லது. மின்சாரமே வரவில்லை என்றால் சென்சரைக் குறை சொல்ல முடியாது.

திறப்பைப் போட்டும் மீற்றரில் ஒன்றுமே எரியாவிட்டால் இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. முதலில் பியூஸ், பிறகு ஹெட்லைற்றின் கூடான டூமுக்குள் இருக்கும் சொக்கற்றுகள்.

வாங்கும்போது

பழைய மீற்றரைக் கையோடு கொண்டு போங்கள். “சி.ரி. நூறுக்கு மீற்றர்” என்று வாயால் கேட்டு வாங்கினால் வருடம் மாறிய மொடல் கைக்கு வரும், போல்ற் ஓட்டை பொருந்தாது, சொக்கற்றில் ஒரு ஊசி கூடுதலாக இருக்கும்.

கேபிள் மீற்றரின் முகத்திலோ பெட்டியிலோ 1:1400, 1:1000, சிலவேளை கே 1.4 என்று அச்சடித்திருக்கும். இதைக் கவனிக்காமல் வாங்குவதுதான் மிகப் பொதுவான பிழை. 1400 என்றால், ஒரு கிலோமீற்றர் ஓட உள் கம்பி 1400 தடவை சுற்றும் என்று எதிர்பார்க்கும் மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர் ஆகையால், நிமிடத்துக்கு 1400 சுற்று வந்தால் முள் 60 இல் நிற்கும். ஜப்பான் பைக்குகள் பலவற்றின் கணக்கு இதுதான். உங்கள் ஹப் 1400 கொடுக்க, நீங்கள் மாட்டியது 1000 மீற்றர் என்றால் 50 இல் போகும்போது முள் 70 காட்டும். மாறி நடந்தால் 50 இல் போகும்போது 36 தான் காட்டும், அது ஆபத்து. கிலோமீற்றர் எண்ணும் பகுதியும் அதே விகிதத்தில் பிழைக்கும். இதற்குத் திருகி ஒழுங்குபடுத்த எதுவும் கிடையாது, மீற்றரை மாற்றத்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், கேபிள் பைக்குக்குக் கேபிள் மீற்றரே நல்லது. ஏழு நிறத்தில் ஒளிரும் பொது டிஜிற்றல் மீற்றர்களைப் பொடியள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள், மாட்டக்கூடாது என்றில்லை. ஆனால் அதற்குச் சென்சரும் காந்தமும் பூட்ட வேண்டும், வயர் முழுவதையும் ஒவ்வொன்றாக இனம்காண வேண்டும், பழைய பைக்கின் மின்சாரம் அதற்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். முதல் தடவையாக இந்த வேலையில் இறங்குபவருக்கு அது கொஞ்சம் பெரிய பாரம்.

கழற்றலும் வயரும்

பற்றறியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றி ஒரு பக்கம் ஒதுக்கி வையுங்கள். அதற்கு முன்னரே பழைய மீற்றரின் கிலோமீற்றர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேர்விஸ் கணக்குக்கும் பின்னாளில் பைக்கை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் அது தேவைப்படும். வயர்கள் எப்படிப் போகின்றன என்று நாலு பக்கத்தாலும் படம் எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு வயரிலும் ஒரு துண்டு ரேப் ஒட்டி, அது என்ன வேலை செய்தது என்று எழுதுங்கள். “ஞாபகம் இருக்கும்” என்று விட்டால் இருக்காது.

இனி நிறங்கள். புதியவர்கள் பியூஸை எரிப்பது இந்த இடத்தில்தான். கடையில் வாங்கும் பொது மீற்றர்களில் கறுப்பு வயர் பெரும்பாலும் ஏர்த். ஹொண்டா வயரிங்கில் கறுப்பு என்பது திறப்பைப் போட்டதும் 12 வோல்ற் வரும் வயர், ஏர்த் பச்சை. கறுப்போடு கறுப்பை முறுக்கிவிட்டு, மீற்றரின் மற்ற வயரை ஏதாவது ஏர்த்துக்குக் கொடுத்தால் மீற்றர் தலைகீழாக மின்சாரம் குடிக்கும். யமஹாவில் கறுப்பு உண்மையிலேயே ஏர்த், திறப்பால் வரும் மின்சாரம் பிறவுண். ஹொண்டாவில் இடது சிக்னல் செம்மஞ்சள், வலது இளநீலம், ஹை பீம் நீலம். யமஹாவில் வலது கரும்பச்சை, இடது கரும்பிறவுண், ஹை பீம் மஞ்சள், நியூற்றல் இளநீலம். அதாவது ஒரே இளநீலம் ஒன்றில் சிக்னல், மற்றதில் நியூற்றல். முன்பு எவரோ வயரிங் மாற்றிய பழைய பைக் என்றால் இந்தக் கணக்கும் பொய்த்துப்போகும்.

நிறத்தை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதே வழி. பற்றறியைத் திரும்பப் பூட்டி, மல்ரிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றறி நெகற்றிவில் வைத்து, ஒவ்வொரு வயராகப் பாருங்கள். திறப்புப் போடாமலேயே 12 வோல்ற் இருப்பது நிரந்தர மின்சாரம். திறப்புப் போட்டால் மட்டும் வருவது மீற்றருக்குத் தேவையானது. சிக்னலைப் போட்டால் விட்டு விட்டு வருவது சிக்னல். மல்ரிமீற்றர் இல்லாவிட்டால் ஒரு சிறிய சிக்னல் பல்பில் இரண்டு வயரைப் பிடித்து வைத்துக்கொண்டும் இதே வேலையைச் செய்யலாம். ஊரில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சென்சரின் துடிப்பு வயரில் பல்பை வைக்காதீர்கள், அந்தச் சென்சர் பல்பைத் தாங்காது.

இன்னுமொன்று. பழைய சின்னப் பைக்குகள் பலவற்றில் ஹெட்லைற் பற்றறியில் எரிவதில்லை. எஞ்சின் மக்னெற் கொயிலிலிருந்து நேரே வரும் ஏ.சி. மின்சாரத்தில் எரிகிறது. எஞ்சினை முறுக்கினால் லைற் பிரகாசிப்பதும் விட்டால் மங்குவதும் அதனால்தான். அந்த வயரில் டிஜிற்றல் மீற்றருக்கு மின்சாரம் எடுத்தால் துடித்துத் துடித்து எரியும், சில நாளில் செத்தும் போகும். மீற்றருக்கு எப்போதும் பற்றறிப் பக்கம், திறப்புக்குப் பின்னால் வரும் வயர்.

அதே சோதனையில், எஞ்சினை ஸ்ராட் செய்து கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, பற்றறியில் எத்தனை வோல்ற் என்று பாருங்கள். 13.5 க்கும் 14.5 க்கும் இடையில் என்றால் நல்லது. 15 ஐத் தாண்டினால், பற்றறிக்கு ஏறும் வோல்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது. பழைய மீற்றரைக் கொன்றதே அதுவாக இருக்கலாம். அதை மாற்றாமல் புது மீற்றரைப் பூட்டாதீர்கள்.

எல்லா வயரையும் பிடித்ததும் உடனே போல்ற்றை முறுக்கி டூமை மூட வேண்டாம். மீற்றரை ஹாண்டிலில் ஒரு துணியால் கட்டித் தொங்கவிட்டு, திறப்பைப் போட்டு, இடது, வலது, ஹை பீம், நியூற்றல், பெற்றோல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன் வீலைத் தூக்கிச் சுற்றி வேகம் வருகிறதா என்று பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிளோ வயரோ இழுபடுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

மாட்டியாகிவிட்டது, ஆனால்...

ஒரு பக்கம் சிக்னல் போட்டால் நாலு பல்பும் மினுங்குகிறது. கராஜ்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பழைய மீற்றரில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு சிக்னல் பல்ப் இருந்திருக்கும். அதன் ஒரு கால் இடது வயரில், மறு கால் வலது வயரில். இடது மினுங்கும்போது, எரியாமல் இருக்கும் வலது பல்புகளின் இழை வழியாக அந்தச் சின்னப் பல்ப் ஏர்த் எடுத்துக்கொள்ளும். கெட்டிக்கார ஏற்பாடு. புது மீற்றரில் சிக்னலுக்கு ஒரே வயர்தான் என்று கண்டு இடதையும் வலதையும் சேர்த்து முறுக்கினால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும், நாலும் மினுங்கும். புது மீற்றரில் இருப்பது எல்.இ.டி. என்றால் பழையபடி இரண்டு வயருக்கும் இடையில் கொடுத்தாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் எரியும், ஏனென்றால் எல்.இ.டி. மின்சாரத்தை ஒரு திசையில்தான் விடும்.

இதற்குத் தேவை இரண்டு டயோட், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம். 1என்4007 என்று கேட்டால் இலத்திரனியல் பாகம் விற்கும் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இடது வயரிலிருந்து ஒரு டயோட், வலது வயரிலிருந்து ஒரு டயோட். இரண்டின் வெள்ளிக் கோடு போட்ட பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து மீற்றரின் சிக்னல் வயருக்குப் போக வேண்டும். மீற்றர் விளக்கின் மற்றக் கால் ஏர்த்துக்கு. மின்சாரம் இரண்டு பக்கத்திலிருந்தும் மீற்றருக்கு வரும், ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குத் திரும்பிப் போகாது. ஒட்டிய இடத்தை ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். வெறும் ரேப் வெயிலில் பசை விட்டுக் கழன்றுவிடும்.

நியூற்றல் விளக்கு எரியாவிட்டால் பெரும்பாலும் வயர் தலைகீழ். எஞ்சினில் உள்ள நியூற்றல் சுவிச் மின்சாரம் அனுப்புவதில்லை, கியர் நியூற்றலுக்கு வரும்போது அந்த வயரை ஏர்த் பண்ணுகிறது. ஆகவே விளக்கின் பொசிற்றிவ் கால் திறப்பு மின்சாரத்துக்கும் நெகற்றிவ் கால் நியூற்றல் வயருக்கும் போக வேண்டும்.

பெற்றோல் முள் தலைகீழாகக் காட்டினால், அதாவது ராங்க் நிறைய இருக்க வெறுமை என்றால், மீற்றருக்கும் ராங்கில் உள்ள மிதவைக்கும் மின்தடை பொருந்தவில்லை. ராங்கின் அடியில் வரும் சொக்கற்றைக் கழற்றி, நிறையவும் வெறுமையாகவும் இருக்கும்போது எத்தனை ஓம் என்று அளந்து பாருங்கள். டிஜிற்றல் மீற்றர்கள் பலவற்றில் 100 ஓம், 510 ஓம் என்று தெரிவு இருக்கும், அதை மாற்றினால் சரிவரலாம். தெரிவு இல்லாத மீற்றர் என்றால் வேறு மீற்றர், அல்லது பழைய காலத்தைப் போல மூடியைத் திறந்து குலுக்கிப் பார்க்க வேண்டியதுதான்.

திறப்பை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கூடும் கிலோமீற்றரும் பூச்சியமாகிவிட்டால் நிரந்தர மின்சார வயர் கொடுபடவில்லை. செல்ப் அடிக்கும்போது மீற்றர் அணைந்து திரும்ப எரிந்தால் மீற்றரில் பிழை இல்லை. பற்றறி வலுவிழந்து அந்த நேரத்தில் வோல்ற் கீழே இறங்குகிறது.

கேபிள் மீற்றரில் முள் நடுங்கினால் உள் கம்பி காய்ந்துவிட்டது, அல்லது கேபிள் எங்கேயோ கூர்மையாக வளைந்திருக்கிறது. கம்பியை உருவி, மண்ணெண்ணெய்யில் கழுவித் துடைத்து, மெல்லிதாகக் கிறீஸ் பூசித் திரும்பப் போடுங்கள். மேல் நுனியிலிருந்து ஒரு சாண் அளவுக்குக் கிறீஸ் பூச வேண்டாம். பூசினால் கம்பி சுற்றும்போது அது மேலேறி மீற்றருக்குள் போய்க் காந்தத்திலும் கிண்ணத்திலும் ஒட்டும். பிறகு முள் நூறுக்கு மேலே போய் அப்படியே நிற்கும். ஓடும்போது அணில் கத்துவது போலச் சத்தம் வந்தாலும் முதலில் கேபிள்தான். கேபிளைக் கழற்றிவிட்டு ஓடிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது கேபிளிலோ மீற்றரிலோ, நிற்காவிட்டால் ஹப்பில்.

சென்சர் பூட்டிய மீற்றரில் வேகமே வராவிட்டால் காந்தத்துக்கும் சென்சருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் போதும், ஆனால் வீல் எந்த இடத்திலும் உரசக்கூடாது. இடைவெளி சரியாக இருந்தும் வரவில்லை என்றால் காந்தத்தைப் புரட்டி ஒட்டுங்கள். சென்சர்கள் பல, காந்தத்தின் ஒரு முகத்துக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இந்தச் சின்ன விசயம் தெரியாமல் நல்ல சென்சரைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

வேகம் சரியா என்று பார்த்தல்

டிஜிற்றல் மீற்றர் வீலின் சுற்றளவை மில்லிமீற்றரில் கேட்கும். ரயர் அளவைப் பார்த்துக் கணக்குப் போடுவதை விட அளப்பதே மேல். ரயருக்குக் காற்றைச் சரியாக அடியுங்கள். ரயரின் பக்கத்தில் சோக்கால் ஒரு கோடு, அதற்கு நேரே தார் றோட்டில் ஒரு கோடு. நீங்கள் சீற்றில் இருக்க, இன்னொருவர் பைக்கை நேராகத் தள்ளட்டும். ரயரின் கோடு திரும்பக் கீழே வந்ததும் றோட்டில் அடுத்த கோடு. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம்தான் சுற்றளவு. 2.75-17 அளவு முன் ரயர் என்றால் 1800 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். சென்சர் பின் வீலில் என்றால் பின் ரயரை அளக்க வேண்டும். கியர்பெட்டியில் என்றால் செயின் சில்லுகளின் பல் கணக்கும் சேர வேண்டும்.

பிறகு ஒரு ஓட்டம். கைத்தொலைபேசியில் ஜி.பி.எஸ். வேகமானியைப் போட்டு, பின்னால் இருப்பவரிடம் கொடுங்கள். ஓட்டுபவர் அதைப் பார்க்கக் கூடாது. கொடிகாமத்தைத் தாண்டி முகமாலை நோக்கிப் போகும் ஏ9 இதற்கு வாய்ப்பான இடம், காலையில் சன நடமாட்டம் குறைவு. ஜி.பி.எஸ். கொஞ்சம் பிந்தித்தான் எண்ணைக் காட்டும், ஆகவே ஒரே வேகத்தில் சிறிது தூரம் பிடித்து ஓட வேண்டும். மீற்றர் 55 காட்டும்போது ஜி.பி.எஸ். 50 என்றால், போட்டிருந்த சுற்றளவை 50 ஆல் பெருக்கி 55 ஆல் பிரியுங்கள். 1800 என்று போட்டிருந்தால் புதிய எண் 1636. கிலோமீற்றர் எண்ணும் பகுதியைச் சோதிக்க ஏ9 ஓரத்துக் கிலோமீற்றர் கற்களே போதும். ஒரு கல்லில் தொடங்கி ஐந்து கல் தாண்டும்போது மீற்றரும் ஐந்து ஏறியிருக்க வேண்டும்.

எண் கொஞ்சமாக இல்லாமல் ஒரேயடியாகப் பிழைத்தால் சுற்றளவைக் குடைய வேண்டாம். சரியாக இரண்டு மடங்கு காட்டினால் வீலில் இரண்டு காந்தம் இருக்க மீற்றரில் ஒன்று என்று போட்டிருக்கிறீர்கள்; சரிபாதி என்றால் மறுவளம். 50 இல் போகும்போது 31 காட்டினால் மீற்றர் மைல் கணக்கில் நிற்கிறது.

மீற்றர் உண்மையை விட ஒன்றிரண்டு கூடக் காட்டினால் விட்டுவிடுங்கள். ஐ.நா.வின் வாகன ஒழுங்குவிதி 39 இன்படி மீற்றர் உண்மை வேகத்தை விடக் குறைத்துக் காட்டக்கூடாது, அதனால் தயாரிப்பவர்களே கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். நகருக்குள் 50, வெளியே 70 என்ற எல்லைக்குள் ஓடும் எங்களுக்கு அது நல்லதே. குறைத்துக் காட்டும் மீற்றரோடு மட்டும் ஓட வேண்டாம்.

மாரிக்கு முன்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிக்குள் பனி பிடிக்கும். அதற்காக மீற்றரைச் சுற்றிச் சிலிக்கன் பூசுகிறார்கள். மேல் விளிம்பில் பூசலாம், அடியில் இருக்கும் சின்ன ஓட்டையை அடைக்காதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேறும் வழி அது. வயரை மீற்றருக்குக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் வயரோடு வழிந்து சொக்கற்றுக்குள் போகாமல் கீழேயே சொட்டிவிடும். சொக்கற்றைப் பூட்டும்போது ஊசிகளில் மெல்லிதாக வாசலீன் தடவினால் பச்சை பூக்காது. ஏற்கெனவே பூத்திருந்தால் சுரண்டித் துடைத்துவிட்டுத் தடவுங்கள். சேர்விஸுக்கு விடும்போது தண்ணீர்த் துப்பாக்கியை மீற்றர் பக்கம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தீவுப் பக்கம் அல்லது பருத்தித்துறைக் கரையோரமாக ஓடும் பைக் என்றால், மாரி முடிந்ததும் டூமை ஒருமுறை திறந்து சொக்கற்றுகளைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடாவிட்டால் ஒட்டோ இலக்றீசியனிடம் போங்கள். போகும்போது, எந்த வயரில் எத்தனை வோல்ற் வந்தது, வீலைச் சுற்றும்போது என்ன நடந்தது, ராங்கில் எத்தனை ஓம் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய மீற்றரையும் எறியாமல் கொண்டு போங்கள்; அதைப் பூட்டிப் பார்த்தாலே பிழை எந்தப் பக்கம் என்று அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.